"வித்தா மட்டும் எதுக்குங்க டீச்சர் தப்பு?"

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில், விசைத்தறி நிறைந்த ஓர் ஊரில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு மருத்துவம் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு சின்ன மன்றம் வைத்திருக்கிறேன். தடுப்பூசி, ரத்தப் பிரிவு என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் உடல் உறுப்பு தானம் பற்றிப் பேசினேன். ஒரு பையன் எழுந்து, "தானமாக் குடுத்தா நல்லதுன்னு சொல்றீங்க. வித்தா மட்டும் எதுக்குங்க டீச்சர் தப்பு? எங்க வீதியில ஒருத்தரு கிட்னியக் குடுத்துட்டு வந்துதான் கடன அடச்சாரு" என்றான். வகுப்பே அடங்கிவிட்டது. எனக்கு வாய் வரவில்லை. நல்லவேளை, மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு பையனின் அம்மா வந்து, பிள்ளைகளிடம் சாவைப் பற்றியெல்லாம் எதற்குப் பேசுகிறீர்கள் என்று சத்தம் போட்டார். தலைமையாசிரியர், "பாடத்தை மட்டும் நடத்துங்க டீச்சர்" என்கிறார். இந்த வயதில் இதெல்லாம் பேசலாமா? பேசலாம் என்றால் எப்படிப் பேசுவது?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முப்பது வருடம் அரசு மருத்துவமனையில் சிறுநீரக மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பையன் என்னிடம் கேட்டிருந்தாலும் மணி எப்போது அடிக்கும் என்றுதான் கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் நின்ற வாக்கில் சொல்லிவிட முடியாது, நாலைந்து வெள்ளிக்கிழமை ஆகும்.

பாடத்துக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பையன். ‘எங்க வீதியில ஒருத்தரு’ என்றானே, அது அவனுடைய மாமாவாக இருக்கலாம், அப்பாவாகவே இருக்கலாம். யார் என்று கேட்காதீர்கள், மற்றப் பிள்ளைகள் கேட்கவும் விடாதீர்கள். 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், தரகு பார்ப்பதும் குற்றம். 2011-இல் சட்டத்தைத் திருத்தியபோது தண்டனையைக் கூட்டினார்கள்: 5 முதல் 10 வருடம் சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். 2025-இல் பள்ளிபாளையம் பக்கம் தறித் தொழிலாளர்களிடம் கிட்னி வாங்கியதாகப் புகார் எழுந்து விசாரணை நடந்ததை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வெள்ளந்தியாகச் சொன்ன வார்த்தை ஊருக்குள் போனால் ஒரு குடும்பத்தின் தலையில் போய் விடியும். அவனைத் தனியாகப் பார்க்கும்போது, "நல்ல கேள்விப்பா, படிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். கேட்டது தப்போ என்று ஒரு மாதமாக அவன் யோசித்துக்கொண்டிருப்பான்.

சரி, இந்த வயதில் பேசலாமா? என் வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவருக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. அவருக்கும் அவர் மனைவிக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஒப்புதல் படிவத்தை அவர்களுடைய மகள்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். யூனிஃபார்ம், ரெட்டைச் சடை, பதினான்கு வயது இருக்கும். ‘உயிருக்கு ஆபத்து நேரிட வாய்ப்புள்ளது என்பதை அறிவேன்’ என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இதையும் படிக்கணுங்களா சார்?" அந்த வரியை அவள் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்றைக்கு எனக்கு இருந்த அவசரத்தில் "படிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

நம் அரசு மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிப்பதும், எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று பெற்றோருக்குச் சொல்வதும் பெரும்பாலும் உங்கள் வகுப்புப் பிள்ளைகள்தான். பேசலாமா வேண்டாமா என்று நாம் வெளியே நின்று யோசிக்கிறோம், அவர்கள் ஏற்கெனவே உள்ளே நிற்கிறார்கள். தலைமையாசிரியருக்குக் காகிதத்தில் ஏதாவது காட்ட வேண்டுமென்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறைகளைக் காட்டுங்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை ஒரு மருத்துவ ஆய்வில் சேர்க்கப் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, அந்தப் பிள்ளையின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஏழிலிருந்து 12 வரை வாய்வார்த்தையாகவாவது கேட்க வேண்டும். சம்மதம் கேட்கும் வயது என்றால் விளக்கம் கேட்கும் வயதும் அதுதானே.

எப்படிப் பேசுவது என்பதில் நான் செய்த தப்பை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியில் சிறுநீரக தினத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். கலகலப்பாகத் தொடங்கலாம் என்று, "யார் வீட்டிலாவது டயாலிசிஸ் நடக்குதா? கை தூக்குங்க பார்ப்போம்" என்றேன். இரண்டு கை எழுந்தது. ஒரு பெண், தூக்கிய கையை இறக்கவும் தெரியாமல், அப்படியே அழ ஆரம்பித்துவிட்டது. அவள் அப்பா அதற்கு முந்தின மாதம் தவறிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். அதிலிருந்து எந்த வகுப்பிலும் கை தூக்கச் சொல்வதில்லை. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை வாசலில் வைத்து, பெயர் எழுதாமல் சீட்டில் கேள்வி எழுதிப் போடச் சொல்லுங்கள். எல்லோரும் ஏதாவது ஒன்று எழுதிப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர் வெறும் சீட்டைப் போடலாம். இல்லாவிட்டால் யார் எழுதுகிறார்கள் என்று பக்கத்துப் பெஞ்சு எட்டிப் பார்க்கும்.

அடுத்து, நியாய அநியாயம் பேசுவதற்கு முன்னால் உறுப்பைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலேயே கழிவுநீக்க மண்டலம் வருகிறது, ஆகவே தலைமையாசிரியரும் ஒன்றும் சொல்ல முடியாது. கறிக்கடையில் ஆட்டுக் கிட்னி கேட்டு வாங்குங்கள். வயதான கடைக்காரராக இருந்தால் குண்டிக்காய் என்பார். நீளவாக்கில் பிளந்தால் வெளியே புறணி, உள்ளே கருஞ்சிவப்பில் மெடுல்லா, நடுவில் சிறுநீர் வந்து சேரும் வெள்ளைக் குழிவு, அதிலிருந்து இறங்கும் நாளம் எல்லாம் படத்தில் இருப்பதைவிடத் தெளிவாகத் தெரியும். மனிதனுக்கு ஒன்று ஏறக்குறைய 150 கிராம் என்று சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு மிச்சத்தையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கின்றன. தொட மாட்டேன் என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும். கவிச்சி புழங்காத வீடாக இருக்கலாம், குமட்டலாகவும் இருக்கலாம். காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் தொழிலின் அறத்தில் அரிச்சுவடி. தனியாக நடத்த வேண்டியதில்லை, அங்கேயே நடந்துவிடும்.

இதில் ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கச் சொல்கிறேன் என்றால், உடம்பு தெரியாமல் விவாதம் பண்ணினால் வதந்தியும் வதந்தியும்தான் மோதிக்கொள்ளும். ஒரு கிட்னியை எடுத்துவிட்டால் பாரம் தூக்க முடியாது, ஆண்மை போய்விடும் என்று ஒரு பக்கம். ஒன்றுமே ஆகாது, பத்து நாளில் தறிக்குப் போகலாம் என்று தரகர் சொல்வது இன்னொரு பக்கம். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவரைச் சோதித்து, ஒன்றை எடுத்தால், மிச்சமிருக்கும் ஒன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் வாழ்நாள் முழுக்க அவருடைய ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தங்கைக்குக் கொடுத்த அண்ணன் வருடா வருடம் வருவார். விற்றவர் வர மாட்டார். வந்தால் எங்கே கொடுத்தாய் என்று கேட்பார்களே.

மாவட்ட மருத்துவமனையிலிருந்து யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் டாக்டரைவிட டயாலிசிஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். எங்களைக் கூப்பிட்டால் நாங்கள் உபதேசம் செய்வோம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் நோயாளிகள் பக்கத்திலேயே இருப்பவர் அவர். யார் பஸ்ஸில் வருகிறார், யார் வேலையை விட்டுவிட்டார், யார் பாதியில் நின்றுவிட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மனமுவந்து வரக்கூடிய நோயாளி யாராவது இருந்தால் இன்னும் நல்லது. அவர் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருப்பார்கள். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது கிர்ரென்று அதிரும், தறி ஓடும் வீட்டுச் சுவரில் கை வைத்தது மாதிரி. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு உவமை வேண்டியதில்லை.

இனி விவாதம். ஒரே ஒரு வேண்டுகோள், பட்டிமன்றம் வைத்துவிடாதீர்கள். ‘உறுப்பு விற்பனை: தேவையா, தீமையா?’ என்று இரண்டு அணி பிரித்தால் பிள்ளைகள் அடுக்குமொழியில் பிளந்து கட்டுவார்கள், கைதட்டல் வாங்குவார்கள், நடுவராக நீங்கள் தீர்ப்பும் சொல்லிவிடுவீர்கள். எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும், பொங்கலன்று டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். ஆனால் நோயாளியின் கட்டிலருகே இரண்டு அணி கிடையாது. அங்கே ஒரே அம்மாவுக்குள் இரண்டு கட்சியும் மல்லுக்கட்டும், நடுவர் என்று யாரும் வர மாட்டார்கள். ஆகவே பிள்ளைகளைப் பேச்சாளராக ஆக்காமல், முடிவெடுத்தே தீர வேண்டிய ஆளாக உட்கார வையுங்கள். உண்மையில் நடந்த கதையைச் சொல்லி, முடிவு எடுக்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

அதற்கு நான் பார்த்ததில் சிறந்தது சியாட்டில் கதை. 1960 வரை டயாலிசிஸ் செய்ய ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டும். கொஞ்ச நாளில் வெட்ட இடம் இருக்காது. அந்த வருடம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், கையிலேயே நிரந்தரமாக விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உடனடிச் சாவு என்ற நிலை மாறியது. ஆனால் இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், சாகக் கிடப்பவர்களோ ஏராளம். யாருக்குக் கொடுப்பது? இங்கே கதையை நிறுத்துங்கள்.

கரும்பலகையில் ஐந்து பேரை எழுதுங்கள். தறி ஓட்டும் 28 வயதுப் பெண், இரண்டு குழந்தைகள். நாற்பத்தைந்து வயதுப் பள்ளி ஆசிரியர். நீட் எழுதப் படித்துக்கொண்டிருக்கும் 17 வயதுப் பையன். யாருமில்லாத 60 வயதுப் பாட்டி. ஜெயிலிலிருந்து வந்திருக்கும் 35 வயதுக்காரர். இயந்திரம் இரண்டுதான், அரை மணி நேரத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். நான் செய்து பார்த்த இடங்களிலெல்லாம் நீட் பையன் முதல் ஆளாக உள்ளே போய்விடுவான். ஆசிரியரைக் கழற்றிவிட்டுவிடுவார்கள், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

முடித்ததும் சியாட்டிலில் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு குடும்பத்தலைவி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் என்று ஏழு பேர் கொண்ட குழு பெயர் வெளியிடாமல் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. வயது, கல்யாணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், என்ன சம்பாத்தியம், என்ன படிப்பு, சர்ச்சுக்குப் போகிறவரா என்பதெல்லாம் கணக்கில் வந்தது. 1962-இல் ஒரு பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்ததும் ஊரே கொதித்துப்போய் ‘கடவுள் கமிட்டி’ என்று பெயர் வைத்தது. இதைக் கேட்டதும் உங்கள் பிள்ளைகளும் கொதிப்பார்கள். அப்போது அவர்கள் போட்ட பட்டியலைத் திருப்பிக் காட்டுங்கள். தாங்கள் கேட்ட கேள்விகளும் ஏறக்குறைய அவைதான் என்று யாராவது ஒருத்தி கண்டுபிடிப்பாள். அந்த நேரத்தில் நீங்கள் ஒன்றும் பேசாமல் இருப்பது நல்லது.

சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று ஒருவன் சொல்வான். சிரிக்க விடாதீர்கள், பெரிய பெரிய தத்துவ அறிஞர்களே அதைத்தான் சொன்னார்கள். ஜெயிலுக்குப் போனவருக்கு எதற்கு என்று இன்னொருவன் கேட்பான். அவனுக்கு நெதர்லாந்துக் கதை இருக்கிறது. வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் பிடியிலிருந்த ஊரில், சாசேஜ் சுற்றும் செலோஃபேன் தாளைக் கொண்டு செயற்கைச் சிறுநீரகம் செய்தார். பதினைந்து பேருக்கு மேல் முயன்றும், இயந்திரத்தால்தான் இவர் பிழைத்தார் என்று ஒருவரைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. 1945-இல் முதன்முதலில் பிழைத்து எழுந்தவர் 67 வயதுப் பெண்மணி. நாஜிகளுக்கு உதவியதற்காகச் சிறையில் இருந்தவர். அவரைப் பிழைக்க வைத்ததில் ஊரில் பலருக்குக் கோபம். கோல்ஃப் நோயாளியைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு கேள்வி வரும், வராவிட்டால் காத்திருங்கள்: "ரெண்டு மிஷின்தான்னு யார் டீச்சர் சொன்னது?" அமெரிக்காவில் அந்தக் கேள்விக்குப் பத்து வருடம் கழித்துப் பதில் வந்தது. 1972-இல் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கச் சட்டம் போட்டார்கள். நம் மாநிலத்தில் இன்றைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் மாற்று அறுவை சிகிச்சையும் வருகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் தேவைப்படும் பிள்ளை குறித்துக்கொள்ளும்.

அவர்கள் வயதிலேயே ஒரு வழக்கு உண்டு. உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் நடந்தது; ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவர் கொடுத்து மற்றவர் பெற்றார். 1957-இல் அதே ஊரில் 14 வயது இரட்டையர் வந்தார்கள். ஒருவன் சாகக் கிடக்கிறான், மற்றவன் தருகிறேன் என்கிறான். கொடுப்பவனுக்கு உடம்பால் எந்த லாபமும் இல்லாத அறுவை சிகிச்சையைச் சிறுவனுக்குச் செய்யலாமா என்று மருத்துவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீங்கள் நிறுத்த வேண்டிய இடம் அது. சகோதரன் செத்துப்போனால் இவன் மனம் உடைந்துபோகும், ஆகவே இதில் இவனுக்கும் நன்மை உண்டு என்று நீதிமன்றம் அனுமதித்தது. நம் நாட்டுச் சட்டமோ 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் உயிரோடு இருக்கும்போது உறுப்பு எடுப்பதை, மிக அரிதான விதிவிலக்கு தவிர, அனுமதிப்பதில்லை. எது சரி என்று ஒன்பதாம் வகுப்பே சொல்லட்டும்.

இதையெல்லாம் தாண்டிய பிறகு அந்தப் பையனின் கேள்விக்கு வாருங்கள். அவன் பக்க நியாயத்தை முதலில் முழுசாக வைக்க வேண்டும். என் உடம்பு, என் கடன், யாரையும் ஏமாற்றவில்லை, ஓர் உயிரும் பிழைக்கிறது. டாக்டருக்குச் சம்பளம், ஆஸ்பத்திரிக்குக் கட்டணம், மருந்துக் கம்பெனிக்கு லாபம், கொடுத்தவனுக்கு மட்டும் ‘தியாகி’ பட்டமா? ஈரானில் சிறுநீரகம் கொடுப்பவருக்குப் பணம் தரும் முறை அரசின் கண்காணிப்பில் 1988 முதல் நடக்கிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு ‘சட்டப்படி தப்பு’ என்று மட்டும் சொன்னால் அவன் வாயை மூடிக்கொள்வான், மனசுக்குள் நம்ப மாட்டான்.

பிறகு 305 பேரின் கதையைச் சொல்லுங்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-இல் நேரில் கண்டு எடுத்த ஆய்வு அது, அடுத்த ஆண்டு வெளிவந்தது. வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்று பத்திரிகைகள் எழுதிய காலத்துக்குச் சற்றுப் பிந்தியது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். விற்றுச் சராசரியாக ஆறு வருடம் ஆகியிருந்தது. கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பேசிய தொகை முழுசாகக் கைக்கு வரவில்லை. 86 சதவீதம் பேர் உடம்பு முன்போல இல்லை என்றார்கள். வேறொருவருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் மாட்டேன் என்றார்கள்.

‘கடன அடச்சாரு’ என்றானே, அதற்கு இதுதான் பதிலின் முதல் பாதி. அடைத்தார், சரி, ஆறு வருடம் கழித்து எப்படி இருப்பார்? உங்கள் பிள்ளைகளுக்கு முன்பணம் தெரியும், வாரத் தவணைக் குழுக்கடன் தெரியும். கிட்னியை விற்ற பணம் கடனின் வாயில்தான் விழும், கடன் வாங்க வைத்த காரணம் வீட்டிலேயே இருக்கும். கணக்குப் போட்டு அவர்களே இதைச் சொல்லிவிடுவார்கள்.

மறுபாதி கொஞ்சம் நுட்பமானது. அந்த 305 பேரில் 71 சதவீதம் பெண்கள். ஏன்? இந்தக் கேள்வியை மட்டும் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வரை விட்டுவையுங்கள். ஆஸ்பத்திரியில் ‘உறவினர் தானம்’ என்று எங்களிடம் வருபவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவோம். ஒரு பெண்மணி எல்லாக் கேள்விக்கும் "அவரே சொல்லுவாருங்க" என்றார், கணவர் அறைக்கு வெளியே இருந்தார். "உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்கம்மா, உடம்பு பொருந்தலைன்னு நாங்களே சொல்லிடறோம், யாருக்கும் தெரியாது" என்றேன். வெகுநேரம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு "அப்படியே சொல்லிடுங்க" என்றார். சம்மதம் என்பது சரி என்று சொல்வது மட்டுமல்ல, வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா என்பதும்தான். பணமும் சரி, புருஷனும் சரி, அந்த வழியை அடைத்துவிட முடியும். தானம் என்ற பெயரில் நடப்பதெல்லாம் புனிதம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளாமல் இருக்கவும் இது உதவும்.

நான் விற்பனைக்கு எதிரானவன். பிள்ளைகள் உங்கள் கருத்தைக் கேட்டால் கடைசியில் சொல்லுங்கள், ‘இது என் கருத்து’ என்று சொல்லிச் சொல்லுங்கள். விற்றவரை மட்டும் வில்லனாக்கி எந்தப் பேச்சும் முடியக் கூடாது. அவருடைய பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.

சத்தம் போட்ட அந்த அம்மா பயந்தது சாவுப் பேச்சுக்கு. அவரைப் பள்ளிக்குக் கூப்பிட்டு வகுப்பில் உட்கார வைப்பதுதான் என் யோசனை. மூளைச்சாவை, அதாவது மூளை மீள வழியில்லாமல் நின்றுபோய் வென்டிலேட்டரால் மட்டும் மூச்சு ஓடும் நிலையை, நீங்கள் அவசரமாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறேன். நெஞ்சு துடிக்கும்போது எப்படிச் செத்தது என்பது பெரியவர்களுக்கே பிடிபடாத விஷயம். நான் பி.யு.சி. படித்தபோது தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் போடுவார்கள், தனியாகத் துடித்துக்கொண்டிருக்கும். இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே கிளப்பிக்கொள்ளும் முடிச்சு உண்டு, மூளையின் உத்தரவு வேண்டாம். மூச்சுக்கு மூளைத்தண்டு வேண்டும். அதனால்தான் மூளைச்சாவைச் சோதிக்கும்போது வென்டிலேட்டரிலிருந்து கழற்றி, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற ஒரு மூச்சாவது தானாக எடுக்கிறாரா என்று பார்க்கிறார்கள். நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை. உறுப்பைப் பொருத்தப்போகும் மருத்துவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. கோமா வேறு, இது வேறு.

2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரனுக்கு வயது 15. பெற்றோர் இருவருமே மருத்துவர்கள். சென்னையில் போக்குவரத்தை நிறுத்தி 11 நிமிடத்தில் அவன் இதயத்தை முகப்பேருக்குக் கொண்டுபோய் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தினார்கள். இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கண் கலங்குவார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் உறுதிமொழிப் படிவத்தை நீட்டிவிடாதீர்கள். அது 18 வயது நிரம்பியவர்களுக்கு. நீங்கள் நடத்துவது பிரசாரக் கூட்டமும் அல்ல. மூளைச்சாவு என்ற வரையறையே உறுப்பு எடுப்பதற்காக வந்ததுதானே என்று 1968-இல் ஹார்வர்டு குழு அதை முன்வைத்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு, அதையும் சொல்லுங்கள். தானம் கொடுக்க மாட்டேன் என்று ஒரு பிள்ளை முடிவு செய்தால் மன்றம் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை.

கிட்னி முடிந்து அடுத்து எதை எடுக்கலாம் என்று கேட்டால், 1986 சென்னை. நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது நம் ஊரில்தான். பேராசிரியை சுனிதி சாலமன் சொல்லி, மாணவி நிர்மலா காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி சேகரித்து, ஐஸ் பெட்டியில் ரயிலேற்றி வேலூருக்குக் கொண்டுபோனார். ஆறு பேருக்கு இருந்தது. எத்தனையோ உயிரைக் காத்த கண்டுபிடிப்பு. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெண் ரத்தம் தர மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி இன்றைக்கு முன்கூட்டி ஆலோசனை சொல்லி, சம்மதம் பெறாமல் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அப்படியென்றால் அன்று செய்தது தப்பா? எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. இதைப் பதினோராம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு வரும் வெள்ளிக்கிழமைக்கு ஆட்டுக் கிட்னி நான்கு போதும். கடைக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள், காலை ஏழு மணிக்கு மேல் போனால் விற்றுப்போயிருக்கும். மேலே இருக்கும் கொழுப்பைச் சீவாமல், குழாயை ஒட்ட அறுக்காமல் தரச் சொல்லுங்கள். பிள்ளைகள் யாரையும் அனுப்ப வேண்டாம், நீங்களே போய் வாங்கிவந்துவிடுங்கள்.